ஆறு கிழமைப் பியர்

என் கணவர் ஸ்ரனிஸ்லாஸ் பியர் காய்ச்சிய கதையை எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள். அவர் சொன்னால் அதில் அவர் பெரிய விஞ்ஞானி. செல்வராஜா அண்ணை சொன்னால் அது கர்த்தர் நடத்திய காரியம். பாலேந்திரா வாயே திறக்கமாட்டான், சிரித்துக்கொண்டு வயிற்றைத் தடவுவான். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் நானே சொல்ல வந்தேன். கடைசியில் நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதற்கு முந்தியதை இந்த மூன்று பேரையும் குறுக்கு விசாரணை செய்து எடுத்தேன். அதில் பொய் இருந்தால் அது அவர்களுடைய பொய்.

எண்பத்தாறில் அவர் டென்மார்க்குக்கு வந்து சேர்ந்தார். அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். மனைவியைக் கூப்பிடச் சட்டத்தில் உரிமை இருந்தது, அவரும் உடனே விண்ணப்பம் போட்டார். நான் மன்னாரிலிருந்து கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் சின்னம்மா வீட்டில் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கட்டின பெட்டி கட்டினபடியே கிடந்தது. கோப்பன்ஹேகனில் ஒரு மந்திரி தமிழர்களுடைய குடும்பக் கோப்புகளை மட்டும் அசையாமல் வைக்கச் சொல்லியிருந்தார். பிற்பாடு அது தமிழ் வழக்கு என்று பெயரெடுத்து, அதில் அரசாங்கமே விழுந்தது. அந்த நேரம் எங்களுக்கு அதெல்லாம் என்ன தெரியும்? கேட்டால், பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று பதில் வரும். இவ்வளவு காலமாக என்னத்தைப் பார்க்கிறார்கள், என் கலியாணப் படத்தையா என்று நான் சின்னம்மாவோடு சண்டை பிடிப்பேன், பாவம் அவ.

அங்கே கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்து அல்பர்ட்ஸ்லுண்டில் ஒரு மாடி வீட்டில் மூன்று ஆண்கள். என் கணவர் ஒருவர். அடுத்தவர் செல்வராஜா அண்ணை. பெந்தகொஸ்தே சபைக்காரர், மதுவின் பெயரைக்கூடச் சொல்லமாட்டார். அவருடைய மனைவி தேவமலரும் என்னைப்போல ஊரில் காத்திருந்தா. மூன்றாவது ஆள் பாலேந்திரா. கலியாணமாகாத பெடியன், ஒரு பாண் பேக்கரியில் வேலை, எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவான், எதைக் கொடுத்தாலும் குடிப்பான்.

விண்ணப்பம் இழுபடத் தொடங்கியதும் என் கணவர் எங்கள் மன்னார்ப் பக்கத்து மடுக் கோயில் மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்தார். நான் வந்து அந்த வீட்டுக்குள் காலடி வைக்கும் வரைக்கும் ஒரு சொட்டு மது தொடுவதில்லை. இவர் பெரிய குடிகாரர் இல்லை. ஆனால் டென்மார்க்கில் வேலை முடிய எல்லாரும் ஆளுக்கொரு போத்தலைத் திறக்கிறபோது பழச்சாற்றோடு உட்கார்ந்திருப்பது லேசான காரியமும் இல்லை. இந்த மட்டும் கேட்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த கடிதத்தில்தான் பியர் காய்ச்சத் தொடங்கிவிட்டேன் என்று எழுதினார். எனக்கு வந்த ஆத்திரத்தில், மாதாவுக்கு அங்கே கண் தெரியாது என்று நினைத்தீர்களோ என்று பதில் போட்டேன்.

விஷயம் இதுதான். அவர் வேலை செய்த ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் யோர்கன் என்று ஒரு டேனிஷ்காரர் கொதிகலன் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் பியர் காய்ச்சுவது அவருக்குப் பொழுதுபோக்கு. அவருடைய மனைவி நாட்டின் மேற்கே யூலண்டுக்குப் போய் இருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தா. போகிற இடம் சின்ன வீடு. யோர்கன் தன் வாளிகளையும் குழாயையும் மூடி அடிக்கிற கருவியையும் என் கணவரிடம் கொடுத்து, இரண்டு சனிக்கிழமை காய்ச்சிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். போகும்போது இரண்டு விஷயம் சொன்னாராம். ஒன்று, சுத்தம். ஊத்தை ஒரு துளி பட்டாலும் பியர் கெட்டுப்போகும். மற்றது, பொறுமை. இது அவசரக்காரருக்கு ஆகாத வேலை, காத்திருக்கத் தெரிந்தவனுக்கு உரிய வேலை.

காத்திருப்பதில் தன்னைவிடக் கெட்டிக்காரன் இந்த நாட்டில் இல்லை என்று என் கணவர் நினைத்துக்கொண்டார். நான் வருகிற நாளில் நேர்த்தியை முடிக்கிற முதல் கிளாஸ் தன் கையால் காய்ச்சினதாக இருக்கவேண்டும் என்றும் முடிவெடுத்துவிட்டார்.

முளைகட்டி வறுத்த பார்லியை வெந்நீரில் ஊறப்போட்டு, வடித்து, கசப்புக்கு ஹொப்ஸ் என்கிற காய்ந்த பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, வாளியில் ஊற்றி ஈஸ்ற் போடுவார். வாளி மூடியில் தண்ணீர் விட்ட சின்னக் குழாய் ஒன்று இருக்கும். உள்ளே நொதிக்க நொதிக்க அதன் வழியாகக் காற்று குளக், குளக் என்று வெளியேறும். செல்வராஜா அண்ணை பக்கத்து அறையில் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணும்போது அந்தச் சத்தம் கேட்கும்.

"ஸ்ரனிஸ், உன்ரை வாளி நான் ஆமென் சொல்ல முந்தி தான் சொல்லுது" என்பாராம்.

அவர் குடிக்கமாட்டார், ஆனால் போத்தல் கழுவுவது பாவம் என்று வேதத்தில் எங்கேயும் இல்லை. குளிக்கும் தொட்டி நிறையப் பழைய பியர்ப் போத்தல்களை ஊறப்போட்டு லேபல் உரிப்பது அவருடைய பொறுப்பு. அந்த நாட்களில் மூன்று பேரும் குளிக்கமாட்டார்கள். நொதித்து அடங்கியதும் போத்தலுக்கு ஒரு தேக்கரண்டி சீனி போட்டு, குழாயால் இறக்கி, மூடி அடித்து, முதலில் ஹீற்றருக்குப் பக்கத்தில் வைப்பார்கள். சீனியைத் தின்று உள்ளே காற்றுக் கட்டியதும் நிலவறைக்குக் கொண்டுபோய்க் குளிரில் அடுக்குவார்கள். சுத்தத்தில் என் கணவரை மிஞ்ச ஆளில்லை. வாளி, கரண்டி, குழாய் எல்லாம் மூன்று தரம் கொதிதண்ணீரில் குளிக்கும். மனிதர்கள் குளிக்காவிட்டாலும்.

நேர்த்தியிலும் அதே கண்டிப்புத்தான். பியர் மூக்கில் மணந்தாலே நேர்த்தி முறிந்துபோகும் என்று ஒரு பயம் அவருக்கு. ஆகவே மூக்கில் கைலேஞ்சியைக் கட்டிக்கொண்டுதான் வாளிக்குக் கிட்டப் போவார். மூக்கையும் நாக்கையும் கட்டிப்போட்டுவிட்டுப் பியர் காய்ச்சினவர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். ருசி பார்க்க ஆள் வேண்டுமே? செல்வராஜா அண்ணை தொடமாட்டார். மிஞ்சியது பாலேந்திரா.

முதல் போத்தலைத் திறந்து பாலேந்திரா ஒரு மிடறு குடித்தான். என் கணவர் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்பிடியடா?"

"நல்லாயிருக்கு அண்ணை."

"கசப்பு?"

"அளவு."

"காற்று?"

"சொல்லி வேலையில்லை."

சொல்லிவிட்டுப் போத்தலோடு பல்கனிக்குப் போய்விட்டான். குளிருக்குள் அங்கே என்ன செய்தான் என்று அப்போது ஒருவரும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் பல்கனிதான், போகும்போது கையில் சீனிப் போத்தலும் போகும். செல்வராஜா அண்ணை அவனுடைய குடிவெறிக்காகத் தனியாக ஒரு ஜெபம் தொடங்கினார்.

வெளியாட்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்குப் பக்கத்து ஊர் டோஸ்ட்ருப்பிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொருவரையும் பாலேந்திரா கதவடியிலேயே பிடித்து, சப்பாத்துக் கழற்றுகிற நேரத்துக்குள் காதில் ஏதோ சொல்லித்தான் உள்ளே விட்டான். வந்தவர்கள் ஒரு மிடறு குடித்தார்கள். திறம், அண்ணை, ஆனால் நான் கார் ஓடவேணும் என்று கிளாஸை வைத்தார்கள். கார் இல்லாதவர்களும் அன்றைக்குக் கார் ஓடினார்கள். என் கணவர், எங்கட ஆக்கள் எவ்வளவு பொறுப்பான ஆக்கள் என்று எனக்குப் பெருமையாகக் கடிதம் எழுதினார்.

உண்மை என்னவென்றால் அந்தப் பியர் புளி. வாயில் வைக்க ஏலாத புளி. அல்பர்ட்ஸ்லுண்டுக்கும் டோஸ்ட்ருப்புக்கும் தெரியும், காய்ச்சின மனிதருக்கு மட்டும் தெரியாது.

முதலில் காய்ச்சினது மெல்லிய பியர். யோர்கன் சொன்னபடி அது போத்தலில் அடைத்து ஆறு கிழமைக்குள், அதாவது ஒன்றரை மாதத்துக்குள், குடிக்கவேண்டியது. வைத்தால் நிற்காது. நத்தாருக்கு என் ராணி வந்திடுவாள் என்று, விமலராணி என்கிற எனக்காகக் காய்ச்சினார். நான் வரவில்லை. அடுத்தது கொஞ்சம் கெட்டி, பெரிய வெள்ளிக்குள் வராவிட்டாலும் நிற்கும் என்று. அதற்கடுத்தது இன்னும் கெட்டி. அமைச்சிலிருந்து வருகிற பதில் நீள நீள, இவர் வாளியில் பார்லியின் அளவும் ஏறிக்கொண்டே போனது.

எண்பத்தெட்டு முடிகிற குளிரில் ஒருநாள், செல்வராஜா அண்ணை போத்தல் கழுவிக்கொண்டு நின்றவர், சட்டியை எட்டிப் பார்த்தார். கறுத்துப்போய்ப் பாகு மாதிரிக் கிடந்ததாம்.

"இது எவ்வளவு காலம் கிடக்கும், ஸ்ரனிஸ்?"

"இது நல்ல கெட்டி. நாலு, அஞ்சு வருசம் பயமில்லாமல் கிடக்கும்."

செல்வராஜா அண்ணை கையிலிருந்த போத்தலைக் கீழே வைத்தார். அந்த மனிதர் சத்தம் போட்டு ஒருவரும் கேட்டதில்லை. அன்றைக்குப் போட்டார்.

"அப்ப அஞ்சு வருசத்துக்கு விமலராணி வரமாட்டா எண்டு நீயே முடிவு கட்டிப்போட்டியோ? மந்திரி ஃபைலை மூடினான், நீ போத்தலுக்கை போட்டு மூடுறியோ? எனக்கும் ஒருத்தி அங்கை இருக்கிறாள். இந்தக் கோதாரியை இந்த வீட்டிலை நான் விடமாட்டன்!"

"அப்ப என்ன செய்யச் சொல்லுறியள்?"

"மெல்லிசாக் காய்ச்சு! ஆறு கிழமையிலை முடியிறதாக் காய்ச்சு. அவ வராட்டி ஊத்திப்போட்டு, திரும்ப ஆறு கிழமைக்குக் காய்ச்சு. அவ வருமட்டும் காய்ச்சு!"

மதுவின் பெயரைச் சொல்லாத மனிதர், பியர் காய்ச்சு காய்ச்சு என்று கத்தினதைக் கீழ்வீட்டு டேனிஷ்காரியும் கேட்டிருக்கவேண்டும். என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அழுதார் என்று பாலேந்திரா சொல்கிறான், கொதி ஆவி என்று இவர் சொல்கிறார். அழுதிருப்பார். எனக்கு என் ஆளைத் தெரியும்.

காய்ச்சின கெட்டியையும் எறிய மனம் வராமல் போத்தலில் அடைத்து நிலவறை மூலையில் தள்ளினார்கள். பின்னாளில் அது முழுக்க என் பன்றிக் கறிக்குப் புளிப்பூட்டுகிற வினாகிரியாகப் போனது. அவ்வளவு நல்ல வினாகிரி கடையில் கிடைக்காது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் மெல்லிய பியர் மட்டும்தான். ராணி வருவாள் என்று காய்ச்சுவார், அடைப்பார், அடுக்குவார். வராவிட்டால் அடுத்ததுக்குப் போத்தல் வேண்டும். ஊற்றிவிடச் சொல்லித்தான் செல்வராஜா அண்ணை சொன்னார். ஆனால் தன் மனைவிக்காகக் காய்ச்சினதைக் கழிவுத்தொட்டியில் ஊற்ற என் கணவருக்குக் கை வரவில்லை. பாலேந்திரா, ஊத்தாதேங்கோ அண்ணை, வீண்போக விடுவனோ என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போனான். செல்வராஜா அண்ணையின் ஜெபமும் நீண்டுகொண்டே போனது.

எண்பத்தொன்பது பிறந்ததும் காற்று மாறியது. மூடின கோப்புகளைத் திறக்கத்தான் வேண்டும் என்று ஆகிவிட்டது. சித்திரையில் எனக்கு விசா வந்தது, தேவமலருடையது பின்னால் வர இருந்தது. என் பெட்டிக்குக் கட்டின கயிறு இற்றுப்போயிருந்ததால் புதுக் கயிறு வாங்கினேன்.

விமான நிலையத்தில் மூன்று பேரும் நின்றார்கள். என் கணவர் மெலிந்திருந்தார், கோட் அவருடையது இல்லை. என்னைக் கண்டதும் பெட்டி பாரமோ என்று கேட்டார். இவ்வளவு காலம் கழித்துக் கேட்கிற கேள்வியா இது? ஓம், தூக்குங்கோ என்று கொடுத்தேன். அவர் பெட்டிகளோடு முன்னால் நடக்க, பாலேந்திரா என் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"அக்கா, நான் பாலேந்திரா. ஒரு உதவி. வீட்டை போனவுடனை அண்ணை பியர் தருவார். சரியான புளி. முகத்தைச் சுழிச்சுப்போடாதேங்கோ."

"தம்பி, எனக்கு வாயிலை வைச்சுப் பொய் சொல்ல வராது. கறியிலை உப்புக் கூடினால் மாமியாருக்கே சொன்னனான்."

"உங்களுக்கெண்டுதான் அக்கா காய்ச்சினவர்."

"நான் சுழிக்காட்டி மட்டும் என்ன? இண்டைக்கு அவரும்தானே குடிக்கப்போறார்?"

அவன் நடையை நிறுத்திவிட்டான். அந்த யோசனை அவனுக்கு வந்தேயிருக்கவில்லை. ரயிலில் வழி முழுக்க அவன் முகம் செத்துப்போயிருந்தது. என் கணவர் மட்டும் ஒவ்வொரு ஸ்டேஷனையும் தானே கட்டினதுபோல் எனக்குக் காட்டிக்கொண்டு வந்தார். எனக்கும் பயம் பிடித்தது. இந்த மனிதரின் இந்தச் சந்தோஷம் ஒரு மிடறில் போய்விடப்போகிறதே என்று.

வீடு மின்னியது. மேசையில் மடு மாதா படம், மெழுகுதிரி, நாலு கிளாஸ், செல்வராஜா அண்ணைக்குத் தோடம்பழச் சோடா. சப்பாத்தைக் கழற்றி நான் உள்ளே கால் வைத்ததும் என் கணவர் திரியைக் கொளுத்தி, 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் ஒன்று சொன்னார். பிறகு நிலவறையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த போத்தலின் மூடியைத் திறந்தார். நுரை சீறிக்கொண்டு வந்து மாதா படத்தின் கண்ணாடி வரைக்கும் தெறித்தது. துடைத்தார். ஊற்றினார். நிறம் நல்ல தேயிலைச் சாயம். பார்க்க மிகவும் வடிவாக இருந்தது.

"ராணி, முதல் நீர் குடியும்."

"இல்லை. நேர்த்தி உங்கடை. நீங்கள் குடியுங்கோ."

பொய் சொல்லவேண்டிய இடத்திலிருந்து தப்பத்தான் அப்படிச் சொன்னேன். அவர் கிளாஸைத் தூக்கி, கண்ணை மூடி, பெரிய மிடறாகக் குடித்தார்.

குடித்தவர் அப்படியே நின்றார். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. விழுங்கினார். கிளாஸை மேசையில் வைத்துவிட்டுப் பாலேந்திராவைப் பார்த்தார்.

"இதையோடா நீ குடிச்சனீ?"

"ஓம் அண்ணை."

"ஒவ்வொரு முறையும்?"

"ஓம்."

"எல்லாப் போத்தலும் இப்பிடித்தானோ?"

"சிலது இதைவிட மோசம் அண்ணை."

"விசரா, ஏன்ரா சொல்லேல்லை?"

பாலேந்திரா தலையைச் சொறிந்தான். திட்டு வாங்குகிற பள்ளிக்கூடப் பிள்ளைபோல நின்றான்.

"சொன்னால் நீங்கள் காய்ச்சிறதை விட்டிடுவியள். அக்கா வாறா, அக்கா வாறா எண்டுதானே காய்ச்சினீங்கள். அதையும் விட்டிட்டால் பிறகு இந்த வீட்டிலை என்ன இருக்கு? நான் வேலையாலை வந்து படியேறேக்கை அந்தக் குளக் குளக் கேக்கும். சரி, இண்டைக்கும் அண்ணை நம்பிக்கொண்டுதான் இருக்கிறார் எண்டு உள்ளுக்கை வருவன்."

செல்வராஜா அண்ணை சோடாவைக் கீழே வைத்துவிட்டார். குடிவெறிக்காக அவர் பண்ணின ஜெபமெல்லாம் அவருக்கு அந்த நேரம் ஞாபகம் வந்திருக்கவேண்டும். எழுந்துபோய்ப் பாலேந்திராவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்தது, நான் மறைக்கவில்லை. எனக்கு முன்பின் தெரியாத ஒரு பெடியன், என் பெயரால் இவ்வளவு புளியைக் குடித்திருக்கிறான்.

என் கணவர் மட்டும் அந்த நிலையிலும் விஞ்ஞானியாகவே நின்றார். "எல்லாம் மூண்டு தரம் கழுவினனான். வாளி சுத்தம், குழாய் சுத்தம். கையும் சுத்தம். ஈஸ்ற் போட்டு, மாதாவைக் கும்பிட்டு, கடைசியிலை ஒரு சிட்டிகை மண்ணும்..."

"என்ன மண்?" என்றேன்.

அவர் மாதா படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கைலேஞ்சி முடிச்சை எடுத்தார். நீலக் கரை போட்ட கைலேஞ்சி. அதை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் ஊரைவிட்டு வெளிக்கிடும்போது மடுக் கோயிலடியிலிருந்து அள்ளி வந்த மண்ணை நான்தான் அதில் முடிந்து கொடுத்தேன். பாம்பு கடித்தால் கரைத்துக் குடிக்க, நோய் வருத்தம் வந்தால் பூச, போகிற இடமெல்லாம் துணைக்கு இருக்க என்று ஊரில் எல்லாரும் செய்கிறதுதான். எடுத்த காரியத்திலெல்லாம் ஒரு சிட்டிகை போடுங்கோ என்று சொன்னதும் நான்தான். இவர் சொன்ன சொல் தவறாத மனிதர். மூன்று தரம் கொதிதண்ணீரில் கழுவின வாளிக்குள், ஒவ்வொரு முறையும் தவறாமல், மாட்டுவண்டியும் சனமும் நடந்து திரிந்த மண்ணைப் போட்டிருக்கிறார்.

"அப்ப பியரைப் பழுதாக்கினது நான்" என்றேன்.

முதலில் சிரித்தது செல்வராஜா அண்ணை. பிறகு எல்லாரும். என் கணவர் கதிரையில் விழுந்து, கண்ணீர் வரச் சிரித்தார். மண் பியரைக் கெடுத்தாலும் ஆளைக் கூட்டி வந்துவிட்டதே என்று அவர் சொல்ல, இல்லை, என்ரை ஜெபம் என்று அண்ணை சொல்ல, அந்த வழக்கு இன்றைக்கும் முடியவில்லை.

எனக்கு ஊற்றின கிளாஸ் அப்படியே இருந்தது. நான் அதுவரை வாழ்க்கையில் பியர் குடித்ததில்லை. எடுத்தேன்.

"வேண்டாம் ராணி, விடும்" என்றார் அவர்.

மூக்கைப் பிடிக்காமல், முகத்தைச் சுழித்துச் சுழித்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். தொண்டை எரிந்தது. பாலேந்திரா பழக்கதோஷத்தில் தன் கிளாஸைத் தூக்கிக்கொண்டு பல்கனிப் பக்கம் திரும்பினான். நான் எட்டி அதைப் பிடுங்கினேன்.

"இஞ்சை தா. நீ இவ்வளவு காலமும் குடிச்சது காணும், போதும்" என்று சொல்லி, அதையும் நானே குடித்தேன்.